பேரண்ட்டுக்கும் கார்டியனுக்கும் நடுவில்

அன்புள்ள தம்பி விக்னேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை என்னை பிளாட் வாசலில் இறக்கிவிட வந்தபோது நீ காரை நிறுத்தினாய், ஆனால் என்ஜினை அணைக்கவில்லை. ஸ்டீயரிங்கில் வைத்த கையை எடுக்காமல், என் முகத்தையும் பார்க்காமல், "அப்பா, தர்ஷினி என்னை என்னான்னு கூப்பிடணும்?" என்று கேட்டாய். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. "அது வர்றப்ப வரும்லா, நீ மொதல்ல வண்டிய எடு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். லிஃப்ட்டில் ஏறும்போதே தெரிந்துவிட்டது, அது போகிற போக்கில் பதில் சொல்கிற கேள்வி இல்லை என்று. அடுத்த மாதம் நீ மாலினியைக் கட்டப் போகிறாய். அவளுடைய ஆறு வயது மகள் தர்ஷினி உன் வீட்டுக்கு வரப் போகிறாள். அந்தப் பிள்ளையைப் பெற்றவர் கோலாலம்பூரில் இருக்கிறார், அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறார், அவள் அவரைத்தான் அப்பா என்கிறாள். அப்படியென்றால் நீ அவளுக்கு யார்? இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. நம் வீட்டில் அதை வைத்துக்கொண்டு பல வருடம் அலைந்தவன் நான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஏதாவது கிண்டல் பண்ணி நழுவிவிடுவேன் என்று உனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். மாலினியும் படிக்கட்டும். நம்மைப் போன்ற வீட்டில் இருக்கிற வேறு யார் படித்தாலும் சரி, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நான் உங்கள் வீட்டுக்குள் வந்தபோது உனக்கு ஏழு வயது. உன் அப்பா ரவி மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா கெலுகோரில் ஓர் அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதினாள், நான் அந்தக் கட்டடத்துக்கு ஏர்கோன் சர்வீஸ் பண்ணப் போவேன். எப்படிப் பேச ஆரம்பித்தோம், எப்படி முடிவெடுத்தோம் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "பிள்ளைய என்னை அப்பான்னு கூப்பிடச் சொல்லாத. அது வாய்க்கு வரணும், நாம திணிக்கக்கூடாது." "வராமலே போயிட்டா?" என்று கேட்டாள் அம்மா. "வராமலே போகட்டும். சோறு சாப்பிடும்ல?" என்றேன். பெரிய மனதோடு சொன்னதாக நினைத்துவிடாதே. பயத்தில் சொன்னது. ஏழு வயதுப் பையன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஜெலுத்தோங் வீட்டுக்கு மாறி வந்த அன்று, முதல் வேலையாக ஏணியைப் போட்டு ஏறி ரவியின் படத்தை ஹாலில் மாட்டினேன். நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் நான் கேட்டால் மட்டும்தான் பதில் சொல்வாய். அன்று நீயாகவே வாயைத் திறந்து, "இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு அங்கிள்" என்றாய். நான் சரி பண்ணினேன். "இப்ப?" என்றேன். "இப்ப சரி." எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்தோம், உன் அப்பாவுக்காக.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடக் காகிதங்கள் வர ஆரம்பித்தன. சுற்றுலாவுக்கு அனுமதி, தடுப்பூசிக்கு அனுமதி, எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு கோடு, அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு சொல்: பேரண்ட், கார்டியன். பொருந்தாததை அடித்துவிடவும் என்று பக்கத்தில் போட்டிருக்கும். அம்மா வேலையிலிருந்து வர நேரமாகும், கையெழுத்துப் போடுகிறவன் நான். உன் ஸ்கேலை வாங்கி, பேரண்ட் என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு, கார்டியன் என்பதற்கு மேல் கையெழுத்துப் போடுவேன். முதல் சொல்லுக்கு ஓர் ஆள் இருந்தார், அவர் படம் ஹாலில் இருந்தது. அவர் நாற்காலியில் போய் நான் உட்காரக்கூடாது என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. பத்து வயதில் நீதான் கேட்டாய். "அங்கிள், எதுக்கு எப்பவும் இத வெட்டுறீங்க?"

"அது உங்க அப்பாவோட எடம்லா."

"அப்ப இது?"

"இது என் எடம்."

நீ விடவில்லை. பையிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினாய். கார்டியன் என்றால் மலாயில் பெஞ்சாகா என்று போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்தாய். பிறகு உன் கண் விரிந்தது. "பெஞ்சாகான்னா ஜாகாதானே? அங்கிள், அப்ப நீங்க எனக்கு ஜாகாவா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நம் பிளாட்டின் ஜாகா, அதுதான் அந்தக் காவல்காரக் கிழவர், கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாரே, அவர் ஞாபகம் உனக்கு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அம்மா அடுப்படியிலிருந்து, "விக்கி, என்ன பேச்சு இது?" என்று அதட்டினாள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் வேலை பார்க்கும்போதெல்லாம் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே கெலுகோரில் ஒரு சீன டீச்சர் வீட்டுக்கு சர்வீஸுக்குப் போனேன். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தேத்தண்ணி கொடுக்காமல் விடமாட்டார். ஃபில்டரைக் கழுவிக்கொண்டே, இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "யாருக்குக் கேட்கிறாய்?" என்றார். மகனுக்கு என்றேன். பேரண்ட் என்ற சொல்லின் பழைய வேரில் பெற்றெடுப்பது என்கிற அர்த்தம் இருக்கிறதாம். கார்டியன் என்பது காவல் காப்பது. பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். பேரண்ட் ஆகிவிட்டால் ஆகிவிட்டதுதான், அதிலிருந்து யாரும் ஓய்வு பெற முடியாது. கார்டியன் அப்படி இல்லை. அது ஒரு பொறுப்பு. ஒருவர் அதைக் கொடுக்க வேண்டும், பிள்ளைக்கு வயது வந்துவிட்டால் அது முடிந்துபோகும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஃபில்டர் கையிலிருந்து நழுவியது. அதுவரை எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தேன். அந்த இடத்துக்கு முடிவு தேதி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

உனக்குப் பதின்மூன்று வயதில் குடல்வால் வெடிக்கப் பார்த்தது ஞாபகம் இருக்கும். அம்மா ஒரு சாவு வீட்டுக்காக தைப்பிங் போயிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன். வேனின் பின்பக்கம் முழுக்க ஏணியும் கேஸ் டின்னும். உன்னை முன்சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு விளக்கிலும் நீ பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு உடனே ஆபரேஷன் என்றார். மலாய் தாதி காகிதத்தோடு வந்தார். "அப்பாவா, பெஞ்சாகாவா?" என்று கேட்டார். எப்போதும் சொல்வதையே சொன்னேன், பெஞ்சாகா என்று. "கோர்ட்டில் கொடுத்த கடிதம் இருக்கா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பிள்ளையின் அம்மாவைக் கட்டியவன் நான், ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாக எடுத்துச் சொன்னார். அம்மாவைக் கட்டியதால் மட்டும் பிள்ளைக்குக் கார்டியன் ஆகிவிட முடியாதாம், அதற்கென்று தனியாகக் காகிதம் வேண்டுமாம்.

தம்பி, அந்த நிமிஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் சொல்லை இத்தனை வருடம் நானே கோடு போட்டு அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது சொல்லாவது என்னுடையது என்று நம்பி இருந்தேன். அதுவும் என்னுடையது இல்லை என்று அங்கே தெரிந்தது. உன் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிரீஸ் படிந்த கையோடு, அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் யாருமில்லாதவனாக நின்றேன். அப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் கிடந்த நீ, கண்ணைத் திறக்காமல், மலாயில் சொன்னாய்: "இவர் என் அப்பா." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். தாதி என் கையைத் தட்டிக்கொடுத்தார். "தெரியுது ஐயா. ஆனா அம்மாவ போன்ல பிடிங்க. கிடைக்கலன்னாலும் பிள்ளைய இப்படியே விட்டுட மாட்டோம், பயப்படாதீங்க." கடைசியில் அம்மா போனை எடுத்தாள். டாக்டர்தான் பேசினார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஒரே கேள்விதான் கேட்டாளாம்: "அவர் பக்கத்துல இருக்காரா?" இருக்கிறார் என்றதும், "அப்ப செய்யுங்க டாக்டர்" என்றாளாம். அந்த டாக்டருக்கும் தாதிக்கும் இன்றுவரை மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மயக்கம் தெளிந்து நீ முதலில் பேசியது, "அங்கிள், தண்ணி." எனக்கு ஏமாற்றமாக இல்லை என்று சொன்னால் அது பொய். ஸ்ட்ரெச்சரில் சொன்னது காரியம் நடக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னதா, மனதில் இருந்து சொன்னதா என்று உன்னிடம் கேட்க நூறு தடவை வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை. எதற்காகச் சொன்னாலும், என் பக்கம் நின்று சொன்னாய். பஞ்சை நனைத்து உன் உதட்டைத் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான் அன்றைக்கு அனுமதி.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா முறைப்படி தத்தெடுத்துவிடலாம் என்றாள். விசாரித்தோம். அப்படிச் செய்தால் பிறப்புப் பத்திரத்தில் உன் தகப்பன் பெயர் மாறும், அடையாள அட்டையில் ரவீந்திரன் மகன் என்று இருப்பது போய் என் பெயர் வரும் என்றார்கள். அம்மாவுக்குச் சம்மதம்தான். எனக்குத்தான் கை வரவில்லை. அவரே போய்விட்டார், பெயரையும் எடுத்துக்கொள்வதா? உன்னையே கேட்டுவிடுவோம் என்றேன். நீ கேரம் போர்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தாய். எல்லாவற்றையும் கேட்டாய். ஹாலில் இருந்த படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "பேரு அப்படியே இருக்கட்டும்" என்றாய். சரி என்று நான் எழுந்தேன். "நீங்களும் இருங்க" என்றாய். அதைச் சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாய், ஏதோ கடையில் ஒரு சாமான் போதாமல் இன்னொன்றும் கேட்கிற மாதிரி. தம்பி, என் வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பேர் எவ்வளவோ நல்லது செய்திருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் கிடையாது. பதின்மூன்று வயதில் உனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ. பெரியவர்கள் நாங்கள் ஒருவரை வைக்க இன்னொருவரை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீ இரண்டு பேரையும் வைத்துக்கொண்டாய்.

பிறகு உனக்குப் பதினெட்டு ஆனது. காலேஜில் சேரும் காகிதத்தில் நீயே கையெழுத்துப் போட்டாய். என் பேனாவை வாங்கித்தான் போட்டாய். டீச்சர் சொன்ன முடிவு தேதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம்தான் அந்தச் சண்டை. நீ மோட்டார் சைக்கிள் வேண்டும் என்றாய். உன் கூட்டாளி ஒருவன் பழசைக் கொடுக்கிறான், பகுதி நேர வேலையில் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றாய். அம்மா முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டாள். நான் முடியாது என்றேன்.

"எல்லாரும்தான் ஓட்டுறாங்க!"

"எல்லாரும் ஓட்டட்டும். இந்த வீட்டுல வேணாம்."

"ஏன்னு சொல்லுங்க!"

"ரவிக்கு நான் பதில் சொல்லணும்லா. அவரு பிள்ளைய மோட்டார்ல ஏத்தி அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் படத்தப் பாப்பேன்?"

நீ எழுந்து நின்றாய். "எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சுப்பா! நீங்க சொல்றத நான் கேக்கணும்னு இல்லப்பா!" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாய். மேசையில் இருந்த கிளாஸ் அதிர்ந்தது. நான் ஹாலில் அப்படியே நின்றேன். அம்மா அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, பிள்ளை இந்தக் கத்து கத்திட்டுப் போறான், நீங்க சிரிக்கிறீங்க?" நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. எனக்கு நீ கீழ்ப்படிய வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்கிற அதே மூச்சில் என்னை அப்பா என்று கூப்பிட்டாய், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஜாகாவோடு யாரும் அப்படிச் சண்டை போட மாட்டார்கள்.

சாயந்திரம் நீ வெளியே வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாய். மோட்டார் சைக்கிள் பேச்சு அதோடு நின்றது, மூன்று வருடம் பஸ்ஸில்தான் போனாய். மழையில் நனைந்து வந்த நாட்களில் என்னை முறைப்பாய். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது நன்றி சொல்கிறேன். என் பயத்துக்காக நீ பஸ்ஸில் நின்றாய். அங்கிள் என்ற சொல்லும் அன்றோடு வீட்டை விட்டுப் போனது. எப்போது போனது என்று நீ கவனித்திருக்க மாட்டாய்.

இப்போது அந்த இரண்டு சொல்லையும் நினைத்துப் பார்த்தால், டீச்சர் சொன்னது தப்பில்லை, ஆனால் நம் வீட்டில் நடந்தது வேறு. பேரண்ட் என்பது பெற்றதால் வருவது, கார்டியன் என்பது காப்பதால் வருவது, சரி. ஆனால் காத்துக்கொண்டே இருந்தால், முடிவு தேதி தாண்டியும் போகாமல் இருந்தால், ஒருநாள் பிள்ளை நம்மை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுவிடுகிறது. நாமாகத் தாண்ட முடியாது. கேட்டு வாங்கவும் முடியாது. பிள்ளைதான் பண்ண வேண்டும். நீ பண்ணினாய். உலகத்தில் பிள்ளைகள்தான் பெற்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். நான் தகப்பன் ஆனது உன்னால், ஆகவே நன்றி சொல்ல வேண்டியவன் நான்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தர்ஷினியின் அப்பா உயிரோடு இருக்கிறார், உன் நிலைமை என் நிலைமையை விடக் கஷ்டம். அவர் வந்து அவளைக் கூட்டிப் போகிற நாளில் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவள் தலையை வாரிவிட்டு, தண்ணி பாட்டிலை நிரப்பிக் கொடுத்து அனுப்பு. திரும்பி வந்து அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் உட்கார்ந்து கேள். மாலினி, நீயும் அவளிடம் இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லாதே அம்மா. விக்னேஷ், அவள் உன்னை அங்கிள் என்றே கடைசிவரை கூப்பிட்டாலும் நீ குறைந்துபோக மாட்டாய். பதினோரு வருடம் அங்கிளாக இருந்தவன் சொல்கிறேன், அந்த வருடங்களில் எனக்குப் பழுதானது ஒன்றுமே இல்லை. என்ன, கொஞ்சம் பொறுமை வேண்டும். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் சந்தோஷப்படு.

அம்மா பக்கத்தில் நின்று படித்துவிட்டு, "இவ்வளவு எழுதுறதுக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்" என்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொல்கிறாள்.

இன்னொன்று. நேற்று காலையில் மாலினி அவசர வேலை என்று பிள்ளையை எங்களிடம் விட்டுப் போனாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு பசாருக்குப் போனேன். மீன்காரர் தலையை நீட்டி, யார் இது, பேத்தியா என்று கேட்டார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், "ஆமா, இவங்க என் தாத்தா. தாத்தா, பெரிய மீனு வேணாம், பாட்டி திட்டுவாங்க." உன்னிடம் எனக்குப் பதினோரு வருடம் பிடித்த வேலை இவளிடம் மீன்கடை வாசலில் முடிந்தது. தாத்தா இடம் அவளிடம் காலியாக இருந்திருக்கிறது, அப்பா இடத்தில் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கிளம்பும்போது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, விக்னேஷ் அங்கிளுக்கு இறாலுன்னா ரொம்பப் பிடிக்கும். வாங்குங்க." நீ என்றைக்கு அவளிடம் சொன்னாயோ எனக்குத் தெரியாது. அவளே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சின்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெரிய இறாலாகப் பார்த்துப் பையில் போட்டாள். மீன்காரருக்குப் பொறுமை போய்விட்டது, அவள் விடவில்லை. அம்மா அதைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள், எங்களுக்கு அதில் ஒன்றும் கிடையாதாம். இன்று வேலை முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போ.